24 ஆண்டுப் பழைய கார்: செலவழித்துத் திருத்துவதா, கொடுத்துவிட்டு வேறு எடுப்பதா?

உப்புவெளி ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை மாவட்டத்தில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட 2009ஆம் ஆண்டில், இனிப் பாதைப் படகுக்காகக் கரையில் காத்து நிற்க வேண்டியதில்லை என்ற மகிழ்ச்சியில் வாங்கிய கார் ஒன்றைப் பற்றி உங்கள் ஆலோசனையைக் கேட்கிறேன். 2001இல் ஜப்பானில் தயாரான 1.5 லீற்றர் பெற்றோல் கார் அது. கையால் மாற்றும் கியர். பெயரைச் சொன்னால் அந்த வகையின் பற்றாளர்களும் எதிரிகளும் இங்கேயே மல்லுக்கு நிற்பார்கள் என்பதால் அதைத் தவிர்க்கிறேன். நான் வாங்கும்போது 90,000 கிலோமீற்றர் ஓடியிருந்தது. இன்று 248,000 காட்டுகிறது.

உப்புவெளியிலிருந்து கிண்ணியாப் பக்கத்தில் உள்ள பாடசாலைக்குப் போய்வர நாளொன்றுக்கு நாற்பது கிலோமீற்றருக்குக் குறையாது. நான் ஓய்வு பெற இன்னும் நான்கு ஆண்டுகள் உள்ளன. மனைவியை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கண்டிக்கு வைத்தியரிடம் அழைத்துச் செல்கிறேன். விடியுமுன் புறப்பட்டு அன்றே திரும்புவதால் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடைப்பட்ட காட்டு வழியைப் போகும்போதும் வரும்போதும் இருட்டில்தான் கடக்கிறோம். யானை குறுக்கே வரும் அந்த வீதியில் கார் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் என்னை இந்தக் கேள்விக்குக் கொண்டுவந்திருக்கிறது.

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் பின்னால் நீலப் புகை வருகிறது. ஆயிரம் கிலோமீற்றருக்கு ஏறக்குறைய அரை லீற்றர் எஞ்சின் ஒயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. குழியில் இறங்கினால் முன்பக்கம் 'டொக்' என்று சத்தம் கேட்கிறது. ஏசி இருந்தும் இல்லாத நிலை. பின் சில்லுகளுக்கு மேலேயும் கதவுகளின் அடியிலும் பெயின்ட் கொப்பளித்திருக்கிறது. கடந்த ஆண்டுப் புகைப் பரிசோதனையில் தேறியது, ஆனால் மயிரிழையில்.

ஒரு கராஜில் எழுதித் தந்த கணக்கு இது: ரீகண்டிஷன் எஞ்சினும் (வெளிநாட்டில் பாவித்து இறக்குமதியானது) அதை மாற்றும் கூலியும் 480,000 ரூபா, முழு பெயின்ட் 260,000, முன்பக்க ஷொக் அப்சோபர் வேலைகள் 95,000, ஏசி 85,000, எல்லாமாக 920,000 ரூபா. இருக்கும் நிலையில் காருக்கு 28 இலட்சம் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார். 2016ஆம் ஆண்டின் சுசுக்கி வெகன் ஆர் கார் ஒன்றை 58 இலட்சத்துக்குப் பார்த்து வைத்திருக்கிறேன். குறையும் 30 இலட்சத்துக்கு லீசிங் போட வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மகன், "அதை விற்றுத் தொலையுங்கள் அப்பா" என்கிறான். எனக்கு மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை.

சீனன்குடா மெக்கானிக்

ஐயா, முப்பது ஆண்டுகள் கராஜ் நடத்திவிட்டு, பார்வை மங்கியதால் இப்போது மகனிடம் விட்டிருக்கிறேன். உங்களுக்குத் தந்த கணக்கில் எஞ்சின் இருக்கிறது, பெயின்ட் இருக்கிறது, ஏசி கூட இருக்கிறது. காரின் அடியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. திருகோணமலையில் பழைய காரைக் கொல்வது பெரும்பாலும் கறள்தான். எஞ்சினைக் கழற்றி வேறு போடலாம், கியர்பெட்டியையும் போடலாம். கூடு உளுத்துவிட்டால் போடுவதற்கு வேறு கூடு கிடையாது. நீங்களோ கடற்கரையில் குடியிருந்து, உப்புக் காற்றிலேயே வேலைக்கும் போய்வருகிறீர்கள்.

உங்கள் காரைப் போன்றவற்றுக்கு லொறியில் இருப்பதுபோலத் தனிச் சேசிஸ், அதாவது தாங்கும் அடிச்சட்டம், இல்லை. அடித்தட்டும் பக்கத் தகரங்களும் உள்ளே ஓடும் பெட்டிச் சட்டங்களும் சேர்ந்த கூடுதான் சேசிஸ். ஆகவே முதலில் காரைத் தூக்கி நிறுத்தி அடியைப் பாருங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்க வேண்டாம். கராஜில் உயர்த்தச் சொல்லுங்கள். முன் ஷொக் அப்சோபரின் தலை வந்து பொருந்தும் கிண்ணத்தை பொனட்டைத் திறந்து மேலேயும், சில்லைக் கழற்றிக் கீழேயும் பார்க்க வேண்டும். கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகரத்தை ஸ்குறூ ட்ரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகரம் 'டங்' என்று பேசும். உளுத்த தகரம் அட்டைப் பெட்டியைத் தட்டுவதுபோல ஊமையாக இருக்கும். அந்த இடத்தில் நுனியால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் போகட்டும், ஓட்டை முன்பே இருந்தது, நீங்கள் போட்டதல்ல. பிறகு டிக்கியின் விரிப்பை எடுத்து ஸ்பெயார் ரயர் கிடக்கும் பள்ளத்தைப் பாருங்கள். கடைசியாகப் பிரேக் குழாய்களை முன்னிருந்து பின்வரை கண்ணால் தொடருங்கள். காட்டு வழியில் உயிரைக் காப்பது அவைதான்.

எங்காவது கறுப்பான தார்ப்பூச்சு தடிப்பாக அப்பியிருந்தால் அங்கே இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள். சுத்தமான தகரத்தில் பூசினால் அது காப்பு. கறளின் மேல் பூசினால் ஈரத்தை உள்ளே பூட்டி வைத்து, வெளியே தெரியாமல் தகரத்தைத் தின்ன விடுகிற மூடி. பின் சில்லு வளைவில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அங்கே இருப்பது தகரம் அல்ல, ஓட்டையை அடைத்துப் பூசும் பட்டி.

எஞ்சினைப் பற்றி: நீங்கள் சொன்ன அடையாளத்தை வைத்து 480,000 ரூபாவுக்கு எஞ்சின் மாற்றச் சொன்னவர் அதைத் திறந்து பார்த்தாரா, அழுத்தம் அளந்தாரா என்று கேட்க விரும்புகிறேன். இரவு முழுவதும் நின்ற கார் காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலமாகப் புகைத்து, பிறகு தெளிந்துவிட்டால், முதலில் சந்தேகிக்க வேண்டியது வால்வ் சீல். ரப்பர் இறுகிப்போனதால் மேலே தேங்கிய ஒயில் இரவில் வழிந்து இறங்கியிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது அக்சிலரேற்றரை மிதிக்க மிதிக்கப் புகை வந்தால் பிஸ்டன் றிங் தேய்ந்திருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது. நான்கு பிளக்குகளையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்க வேண்டும். குறைவாகக் காட்டும் சிலிண்டருக்குள் ஒரு மேசைக்கரண்டி ஒயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் றிங். ஏறாவிட்டால் வால்வ் அல்லது கஸ்கெற். நான்கும் நன்றாகக் காட்டினால் சந்தேகம் வால்வ் சீலிலேயே நிற்கும். அரை மணித்தியால வேலை. அதைச் செய்யாமல் எஞ்சின் மாற்றச் சொல்வது, காய்ச்சல் அளக்காமலே சத்திரசிகிச்சைக்கு நாள் குறிப்பதற்குச் சமம்.

இன்னொன்றையும் கேட்டு வைக்கிறேன்: ரேடியேற்றருக்கு என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, கேத்தலின் அடியில் படிவதுபோல உள்ளே வெள்ளையாகப் படிந்து, எஞ்சின் சூடேறி அதன் மேல்மூடியான ஹெட் வளைந்து வந்த கார்களைக் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன். கூலன்ட்தான் விட வேண்டும்.

கிண்ணியா வாசகன்

சேர், மேலே மெக்கானிக் ஐயா எழுதியதற்கு நானே சாட்சி. 2021இல் வாகன இறக்குமதி அடியோடு நின்றிருந்த நேரம், பழைய கார்களுக்கும் தீப்பிடித்த விலை. வேறு வாங்க வழியில்லாமல் என் காருக்கு ரீகண்டிஷன் எஞ்சின் போட்டேன். இப்போதும் சொல்வேன், நல்ல எஞ்சின். ஒரு சொட்டு ஒயில் குடிக்கவில்லை. அதோடு சேர்த்து முழு பெயின்டும் அடித்தேன். கராஜை விட்டு வெளியே வந்தபோது பாலத்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டு மாரி கழிந்தது. ஒருநாள் மூதூர் வீதியில் சிறிய குழி ஒன்றில் இறங்கியதும் முன்பக்கத்தில் ஏதோ வெடித்ததுபோலச் சத்தம் கேட்டது. பொனட்டைத் திறந்தால் ஷொக் அப்சோபரின் தலை கிண்ணத்தைக் கிழித்துக்கொண்டு மேலே வந்து நிற்கிறது. சுற்றிலும் தகரம் பிஸ்கட்போல உதிர்ந்தது. பெயின்ட் அடித்தவர்கள் அந்த இடத்தைச் சுரண்டிப் பார்க்காமல் பட்டி வைத்து மூடியிருந்தார்கள். அதைக் கேட்கப் போனபோது, "நீங்கள் பெயின்ட்தானே கேட்டீர்கள்" என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் பிழையில்லை என்பதுதான் எனக்கு இன்னும் கோபம். கடைசியில் அந்தக் காரை உதிரிப்பாகக் கணக்கில்தான் கொடுக்க முடிந்தது. எஞ்சினுக்குத் தந்த விலைதான் முழுக் காருக்கும் கிடைத்த விலை.

எஞ்சின் மாற்றினால் இலக்கமும் மாறும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்தாமல் விட்டால், விற்கும் நாளில் வாங்க வருபவர் பதிவுப் புத்தகத்தையும் எஞ்சினையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். எஞ்சின் இறக்குமதியான கடதாசிகளைக் கடைக்காரரிடம் அன்றே கேட்டு வாங்க வேண்டும். பிறகு கேட்டால் கிடைக்காது.

வெள்ளவத்தையிலிருந்து

காரைத் திருத்தி வைத்திருப்பதற்கு எதிரான கருத்தை நான் முன்வைக்கிறேன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் மீண்டும் திறக்கப்பட்டுவிட்டது. தட்டுப்பாட்டுக் காலத்தில் ஏறிய பழைய கார்களின் விலை என்றைக்கும் அப்படியே நிற்காது. 24 ஆண்டுப் பழைய காருக்கு 28 இலட்சம் தர ஒருவர் இருக்கும்போதே கொடுத்துவிடுவதுதான் புத்தி. உதிரிப்பாகத்துக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் அலைந்து திரியும் காலம் இனி உங்களுக்கு வேண்டாம்.

உவர்மலைக் கணக்கர்

வங்கித் துறையில் இருப்பதால் எண்களை மட்டும் பார்க்கிறேன்.

வெள்ளவத்தை நண்பர் சொல்வதில் பாதி சரி. ஆனால் உங்கள் பழைய காரின் விலை இறங்கும் என்றால், நீங்கள் வாங்கப்போகும் காரின் விலையும் இறங்கும். 28 இலட்சத்துப் பொருளில் பத்து சதவீதம் இழப்பதை விட 58 இலட்சத்துப் பொருளில் பத்து சதவீதம் இழப்பது இரண்டு மடங்குக்கும் மேல். இறக்குமதி திறந்தாலும் எஞ்சின் கொள்ளளவுக்கு ஏற்ற உற்பத்தி வரி, அதன் மேல் 18 சதவீத பெறுமதி சேர் வரி என்று ஏறிக்கொண்டு போவதால், புதிதாக வரும் கார்களால் பழையவற்றின் விலை எவ்வளவு இறங்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

இப்போது லீசிங். 30 இலட்சத்தை ஐந்து ஆண்டுகளுக்கு, குறையும் நிலுவை மீது ஆண்டுக்கு 14 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், மாதத் தவணை ஏறக்குறைய 69,800 ரூபா வரும். 60 மாதத்தில் கட்டி முடிப்பது 41 இலட்சத்து 88 ஆயிரம். இதில் வட்டி மட்டும் ஏறக்குறைய 12 இலட்சம். வட்டி வீதத்தை எழுத்தில் கேளுங்கள், அது நிலையான வீதமா மாறுவதா என்றும் கேளுங்கள். லீசிங் முடியும்வரை முழுக் காப்புறுதி கட்டாயம் என்பதால் அந்தத் தவணையும் சேரும். எனக்குக் கண்ணில் குத்துவது வேறு: நீங்கள் நான்கு ஆண்டுகளில் ஓய்வு பெறுகிறீர்கள், கடன் ஐந்து ஆண்டுகள் ஓடுகிறது. சம்பளம் நின்று ஓய்வூதியம் தொடங்கிய பிறகும் பன்னிரண்டு தவணைகள் எஞ்சியிருக்கும்.

"காரின் பெறுமதி 28 இலட்சம், திருத்த 9 இலட்சமா?" என்று ஒப்பிடுகிறவர்கள் அதிகம். அந்த ஒப்பீடு எனக்கு உடன்பாடல்ல. திருத்துகிற பணம் எத்தனை மாதத் தவணைக்குச் சமம், அத்தனை மாதம் கார் கவலையின்றி ஓடுமா என்று கேளுங்கள். 3 இலட்சம் செலவழித்தால் அது நாலரை மாதத் தவணைக்கும் குறைவு. அந்தச் செலவில் இரண்டு ஆண்டுகள் ஓடினால், அதே காலத்தில் தவணையாகப் போயிருக்கக்கூடிய 16 இலட்சத்து 75 ஆயிரத்தை நீங்கள் சேமித்து, ஓய்வு பெறும் வேளையில் கடனில்லாமல் சிறிய கார் ஒன்றை எடுக்கலாம். ஆனால் 9 இலட்சத்தைக் கொட்டியும் மெக்கானிக் ஐயா சொல்லும் கூடு உளுத்திருந்தால், அது தண்ணீரில் போட்ட பணம்.

கண்டிப் பயணத்தை இந்தக் கணக்கிலிருந்து பிரித்து வைக்கும்படியும் சொல்வேன். அது ஆண்டுக்கு நான்கு நாள். அந்த நான்கு நாளின் பயத்துக்காக 60 மாதத் தவணையைத் தலையில் ஏற்ற வேண்டுமா? சாரதியோடு ஒரு வான் பேசிக்கொண்டு போனால், உங்கள் மனைவியும் பின் இருக்கையில் படுத்து வரலாம்.

எப்படியும் விற்பதாக முடிவெடுத்தால் ஓப்பன் பேப்பரில் (வாங்குபவரின் பெயர் நிரப்பாத உரிமை மாற்றப் படிவத்தில்) கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். பெயர் மாறும்வரை அந்தக் கார் செய்யும் குற்றமெல்லாம் உங்கள் வாசலில்தான் வந்து நிற்கும்.

உப்புவெளி ஆசிரியர்

மூன்று வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன்; பரீட்சை வினாத்தாள் வேலையால் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வேறொரு கராஜில் அழுத்தம் அளந்தோம். நான்கு சிலிண்டரும் 168, 165, 170, 166 என்று ஏறக்குறைய சமமான, நல்ல அழுத்தம் காட்டின. அளந்த பையன் மானியை என்னிடமே நீட்டி, "சேர், இந்த எஞ்சினை ஏன் மாற்றச் சொன்னார்கள்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. எஞ்சினின் உட்புகையை வெளியேற்றும் பீசிவி வால்வ் அடைத்திருந்தது. அதை அன்றே மாற்றினார்கள். வால்வ் சீலுக்கு ஹெட்டைக் கழற்றாமல், சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்க வைத்து மாற்றித் தருவதாகச் சொல்லி 65,000 ரூபா கேட்டிருக்கிறார்கள். ரேடியேற்றர் விடயத்தில் நான் குற்றவாளி. கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றிவந்தேன்.

பிறகு காரை உயர்த்தினோம். டிக்கிப் பள்ளம் சுத்தமாக இருந்தது. பிரேக் குழாய்களில் மேல் கறள் மட்டும். இடப்பக்கப் பெட்டித் தகரம் முன்னிருந்து பின்வரை 'டங்' என்றது. வலப்பக்கம் பின்கதவின் கீழ் ஒரு சாண் நீளத்துக்கு ஊமையாக இருந்தது. வலது முன் கிண்ணத்தின் விளிம்பில் தார்ப்பூச்சு தடிப்பாக இருந்ததைக் கண்டு, மெக்கானிக் ஐயாவின் சொல் நினைவுக்கு வந்து, நானே சுரண்டச் சொன்னேன். இரண்டு விரல் போகும் அளவுக்கு ஓட்டை. அதன் வழியாகக் கீழே நின்றவரின் செருப்பு தெரிந்தது. இத்தனை நாளும் அதன் மேல்தான் கண்டிக்குப் போய்வந்திருக்கிறோம்.

உளுத்த பகுதியை வெட்டி எடுத்து, புதிய தடிப்பான தகரம் வைத்து வெல்டிங் செய்ய 140,000 ரூபா. முன்பக்க ஷொக் அப்சோபர் வேலைகள் 95,000. வால்வ் சீலோடு சேர்த்தால் எல்லாமாக 3 இலட்சம். முழு பெயின்டையும் ஏசியையும் விட்டுவிட்டேன். வெல்டிங் செய்த இடத்துக்கு மட்டும் பூச்சு. ஒரு நிபந்தனையோடுதான் ஒப்புக்கொண்டிருக்கிறேன். கிண்ணத்தைத் திறக்கும்போது அதற்குப் பின்னால் எஞ்சினைத் தாங்கும் நீளச் சட்டத்திலும் கறள் இறங்கியிருந்தால் வேலையை அங்கேயே நிறுத்தி என்னைக் கூப்பிட வேண்டும். அப்போது காரை உதிரிப்பாகக் கணக்கில் கொடுத்துவிட்டு, வெகன் ஆரை விடச் சிறியதொன்றைப் பார்ப்பேன். இதைத் தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டிருக்கிறோம். வரும் மாதக் கண்டிப் பயணத்துக்கு வானும் பேசியாகிவிட்டது. மகனுக்கு இன்னும் சொல்லவில்லை.

புதன்கிழமை காரை விடுகிறேன். கவனிக்க வேண்டியவை வேறு இருந்தால் அதற்கு முன் சொல்லுங்கள்.

சீனன்குடா மெக்கானிக்

நல்லது, ஐயா. வெல்டிங் தொடங்குமுன் பற்றரி வயரைக் கழற்றி, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியின் இணைப்பையும் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். அதைச் செய்யாமல் பெட்டி எரிந்து, தகரத்துக்கு வந்த கார் வயரிங் வேலைக்கும் போன கதை உண்டு. வெல்டிங் சூட்டில் தகரத்தின் உட்புறப் பூச்சு எரிந்துபோவதால், வெளியே அழகாகப் பூசிவிட்டு நிறுத்தினால் அடுத்த மாரியில் உள்ளிருந்து கறள் தொடங்கும். பெட்டித் தகரத்துக்குள் மெழுகு எண்ணெயை நீளக் குழாயால் பீச்சி விட வேண்டும். கதவுகளின் அடியிலும் பெட்டித் தகரத்தின் அடியிலும் தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். மண் அடைத்துக் கிடக்கும், ஈர்க்குக் குச்சியால் குத்திவிட்டாலே போதும். கடற்கரை வீதியால் வந்த வார இறுதியில் அடியை நல்ல தண்ணீரால் கழுவிப் பழகுங்கள்.

புதன்கிழமை முடிந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். முடியாவிட்டால், வெட்டி எடுத்த பழைய தகரத்தை எறியாமல் வைத்திருக்கச் சொல்லி மாலையில் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதன் விளிம்பு சுற்றிவர நல்ல இரும்பாக மினுங்கினால் கறள் முடிந்த இடத்துக்கு அப்பால் வெட்டியிருக்கிறார்கள். விளிம்பே உதிர்ந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டச் சொல்லுங்கள்.